“இன்னொரு வாட்டி செல்ஃப் அடிச்சுப் பாரு”: என்ஜின்கள் எப்போது சாகின்றன?

2023 டிசம்பர், மிக்ஜாம் மழை விட்டு மூன்றாவது நாள். பள்ளிக்கரணைப் பக்கம் நாங்கள் அப்போது இருந்த அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் தண்ணீர் ஒருவழியாக வடிந்து, சுவரில் கார் பானெட் உயரத்துக்கு ஒரு சேற்றுக் கோடு மட்டும் நின்றது. பால் பாக்கெட், மெழுகுவர்த்தி எல்லாம் தூக்கிக்கொண்டு வந்திருந்த மச்சான், “பேட்டரியாவது இருக்கான்னு பாக்கலாம் மாமா, ஒரு தடவை செல்ஃப் அடிங்க” என்றான். அடித்தேன். ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இரண்டாவது தடவையும் அதே ‘டக்’. மூன்றாவது தடவை என்ஜின் லேசாக இருமியது, சரி உயிர் வருகிறது என்று சாவியை விடாமல் பிடித்திருந்தேன், உள்ளே யாரோ சுத்தியலால் ஒரு போடு போட்ட மாதிரி கேட்டது, அப்புறம் சத்தமே இல்லை.

மறுநாள் வந்த மெக்கானிக் பானெட்டைத் தொடுவதற்கு முன்பே கேட்டார்: “எத்தினி வாட்டி சார் செல்ஃப் அடிச்சீங்க?” பத்து நாள் கழித்து வந்த இன்சூரன்ஸ் சர்வேயரும் அதே கேள்வியைத்தான் கொஞ்சம் நாகரிகமாகக் கேட்டார். தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது, எத்தனை நாள் நின்றது என்பதெல்லாம் இரண்டு பேருக்குமே அப்புறம்தான்.

அதற்குப் பிறகு, கார் வைத்திருக்கும் யாரைப் பார்த்தாலும் என்ஜின் போன கதையைக் கேட்பது எனக்கு ஒரு வியாதி மாதிரி ஆகிவிட்டது. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம்கூடக் கேட்டிருக்கிறேன். கேட்டவரையில் பெரும்பாலான கதைகள் ஒரே மாதிரிதான் போகின்றன: முதலில் வந்தது சின்னப் பழுது, சில நூறிலோ சில ஆயிரத்திலோ முடிந்திருக்க வேண்டியது, அது வந்த அடுத்த பத்து நிமிடத்தில் ஓட்டியவர் ஒரு முடிவு எடுத்தார், சில ஆயிரம் லட்சமானது அங்கேதான். ஏன் அப்படி ஆகிறது என்பதற்கு என்ஜினுக்குள்ளேயே காரணம் இருக்கிறது. எல்லாக் கதைக்கும் இது பொருந்தாது, பொருந்தாத இடங்களையும் சொல்கிறேன்.

முதலில் தண்ணீர். என்ஜின் காற்றை உள்ளே இழுத்து, பிஸ்டனால் அழுத்தி, எரிக்கிறது. காற்று அழுத்தினால் சுருங்கும், தண்ணீர் சுருங்காது. விஷயம் இவ்வளவுதான், ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் பயம் வரும். 1.2 லிட்டர், நாலு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் என்றால் ஒரு சிலிண்டருக்கு 300 சிசி. கம்ப்ரெஷன் விகிதம், அதாவது காற்றை எத்தனையில் ஒரு பங்காகச் சுருக்குகிறது என்பது, 10:1 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிச்சமிருக்கும் இடம் 33 மில்லி. இருமல் மருந்து பாட்டிலின் 10 மில்லி மூடியில் மூன்று மூடி, கூடக் கொஞ்சம். அதற்கு மேல் தண்ணீர் உள்ளே இருந்தால் பிஸ்டன் மேலே வர வழியே கிடையாது. டீசல் இன்னும் மோசம், அதில் கம்ப்ரெஷன் அதிகம் என்பதால் மேலே இருக்கும் இடம் குறைவு, 1.3 லிட்டர் டீசலில் 20 மில்லி தேறினாலே அதிகம்.

ஓடிக்கொண்டிருக்கும் என்ஜின் 2000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது இவ்வளவு தண்ணீரைக் குடித்தால், பின்னாலிருந்து கிராங்க் (பிஸ்டன்களின் மேல்-கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) தள்ளுகிறது, முன்னால் தண்ணீர் நகர மறுக்கிறது, பிஸ்டனையும் கிராங்கையும் இணைத்தபடி நடுவில் மாட்டிக்கொள்ளும் கனெக்டிங் ராட் வளைகிறது. நின்றிருந்த காரில் நடப்பது கொஞ்சம் வேறு. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு ராடை வளைக்கும் அளவுக்குப் பொதுவாக வலு கிடையாது, தண்ணீரில் முட்டி அப்படியே நின்றுவிடும். எனக்குக் கேட்ட முதல் இரண்டு ‘டக்’ அதுதான், என்ஜின் தன்னால் முடிந்தவரை கெஞ்சியிருக்கிறது. மூன்றாவது தடவை தண்ணீர் இல்லாத ஏதோ ஒரு சிலிண்டர் பற்றிக்கொண்டு, அந்த வேகத்தோடு கிராங்கைச் சுழற்ற, தண்ணீர் இருந்த பக்கத்து சிலிண்டரின் ராட் போயிற்று. மெக்கானிக் பிற்பாடு அந்த ராடையும் நல்ல ராடையும் டேபிளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வளைவு கண்ணுக்குச் சட்டென்று தெரியவில்லை, கண்ணாடி மேல் வைத்து உருட்டினால்தான் தெரிந்தது.

இந்தக் கண்ணுக்குத் தெரியாத வளைவுதான் வேறு சிலருடைய கதையில் வில்லன். வெள்ளத்தில் நின்ற கார், எப்படியோ ஸ்டார்ட் ஆகிவிட்டது, லேசாகப் பிக்கப் குறைவு, லேசாக ஆட்டம், “மழைல நின்ன வண்டி, அப்படித்தான் இருக்கும்” என்று ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். வளைந்த ராட் ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டனைச் சிலிண்டர் சுவரில் சாய்த்துத் தேய்த்துக்கொண்டே இருக்கும். சில மாதம் கழித்து ஏதாவது ஹைவேயில் 100-ல் போகும்போது ராட் உடைந்து பிளாக்கில் ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். அப்போது டிசம்பர் மழையை யாரும் நினைப்பதில்லை, கடைசியாக சர்வீஸ் செய்த ஆளைத்தான் திட்டுவார்கள்.

தண்ணீரில் நின்ற காருக்குச் செய்ய வேண்டியது ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. சாவியைத் தொடக் கூடாது, பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட வேண்டும், ரிக்கவரி வண்டியில் ஏற்றிப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். அங்கே பெட்ரோல் என்றால் ஸ்பார்க் பிளக்கையும் டீசல் என்றால் இன்ஜெக்டரையோ குளோ பிளக்கையோ கழற்றிவிட்டு கிராங்கை மெதுவாகச் சுற்றினால், உள்ளே இருக்கும் தண்ணீர் அந்த ஓட்டை வழியாகப் பீய்ச்சிக்கொண்டு வெளியே வந்துவிடும். ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால் டிப்ஸ்டிக்கிலேயே தெரியும், பால் டீ நிறத்தில் இருக்கும். ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். என் காருக்கும் இதுதான் நடந்திருக்கும். நான் மச்சானைக் குறை சொல்லவில்லை, சாவியைத் திருகிய கை என்னுடையது.

சரி, இன்சூரன்ஸ் இருக்கிறதே? அங்கேதான் அந்த சர்வேயர் கேள்வி வருகிறது. இந்தியாவில் சாதாரண முழுக் காப்பீட்டு பாலிசியில் வெள்ளம், புயல் எல்லாம் உள்ளேதான் இருக்கிறது. சீட் நனைந்தது, வயரிங் போனது, ஏசி போனது, இதெல்லாம் வெள்ளச் சேதம். ஆனால் அதே பாலிசியில், தொடர் விளைவாக வரும் இழப்பு, தேய்மானம், இயந்திரக் கோளாறு இவற்றுக்குப் பணம் கிடையாது என்று ஒரு விலக்கு உண்டு. வெள்ளத்தில் கார் நனைந்தது விபத்து. நனைந்த காரை நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் ராட் வளைந்தது தொடர் விளைவு. நிறுவனங்கள் கோடு போடுவது சரியாக இந்த இடத்தில்தான். இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது, அதை நான் பாலிசி வாங்கி ஆறு வருஷம் கழித்துத்தான் படித்தேன்: விபத்தோ பழுதோ ஏற்பட்ட பிறகு, அதைச் சரி செய்யாமல் வண்டியை ஓட்டி அதனால் சேதம் கூடினால், கூடிய பகுதி முழுக்க உரிமையாளர் பொறுப்பு. அதாவது நான் சொன்ன ‘பத்து நிமிடம்’ பாலிசித் தாளிலேயே அச்சாகியிருக்கிறது, பொடி எழுத்தில்.

நிறையப் பேர் “நம்மகிட்ட ஜீரோ டெப் இருக்கே” என்று தெம்பாக இருக்கிறார்கள். அது மாற்றும் பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் பணம் தருவதற்கான கூடுதல் கவர், என்ஜினுக்குள் தண்ணீர் போனதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. என்ஜின் பாதுகாப்பு என்று தனியாக ஒரு கூடுதல் கவர் விற்கிறார்கள். சென்னை மாதிரி ஊரில், அதுவும் வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை பக்கம் வீடு என்றால் அதை யோசிக்காமல் போடலாம் என்பது என் கட்சி. 2015 டிசம்பருக்குப் பிறகும் போடாமல் இருந்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

அடுத்து சூடு. இதில்தான் கதைகள் அதிகம், ஏனென்றால் இது மழைக்காலத்துக்குக் காத்திருப்பதில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் குடும்பத்தோடு கொடைக்கானல் போய்விட்டுத் திரும்புகிறார், வத்தலக்குண்டு தாண்டியதும் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. “இன்னும் கொஞ்ச தூரம்தான், திண்டுக்கல் போயிட்டா நல்ல மெக்கானிக் இருப்பாங்க.” திண்டுக்கல் போனார், என்ஜின் வரவில்லை. போனது என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஓடும் ஒரு ரப்பர் ஹோஸ், சில நூறு ரூபாய் சாமான். கடைசியில் ஹெட்டைக் கழற்றி, லேத்தில் ஃபேஸிங் அடித்து, கேஸ்கட் மாற்றி, அதுவும் போதாமல் மறுபடி இறக்கி என்று இரண்டு மாதம் பஸ்ஸில் போனார்.

இப்போதைய கார்களில் சிலிண்டர்களுக்கு மூடி மாதிரி மேலே உட்காரும் சிலிண்டர் ஹெட் அலுமினியம். அதற்கும் கீழே இருக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைத்துப் பிடிக்கும் ஹெட் கேஸ்கட். அந்த இரண்டு முகமும் எவ்வளவு சமமாக இருக்க வேண்டும் என்றால், பல என்ஜின்களுக்கு 0.05 மில்லிமீட்டருக்கு மேல் கோணல் இருந்தாலே ஹெட்டை மறுபடி சீவ வேண்டும். கூலன்ட் இல்லாமல் பத்து நிமிடம் ஓடினால் அலுமினியம் கன்னாபின்னாவென்று விரிந்து கோணிக்கொள்ளும், கேஸ்கட் விட்டுக்கொடுக்கும், அதன் வழியாக கூலன்ட் சிலிண்டருக்குள்ளும் ஆயிலுக்குள்ளும் இறங்கும். சைலன்சரில் விடாமல் வெள்ளைப் புகை, ரேடியேட்டரில் குமிழி, டிப்ஸ்டிக்கில் மறுபடியும் அந்தப் பால் டீ.

பழைய அம்பாசிடர் ஓட்டிய பெரியவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். மலை ஏறும்போது பாதி வழியில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்து, டிக்கியில் இருக்கும் தண்ணீர் கேனை எடுத்து, பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றி, டீ குடித்துவிட்டுத்தான் மிச்ச மலை. அது அந்தக் காரின் குறை என்று நாம் சிரித்தோம். அந்த என்ஜினில் ஹெட்டும் பிளாக்கும் வார்ப்பிரும்பு, கொஞ்சம் சூட்டைத் தாங்கும். அப்படியும் அவர்கள் நிறுத்தினார்கள். இன்றைக்கு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவையும் ஏசி போட்டுக்கொண்டு ஏறிவிடலாம், அதனாலேயே நிறுத்தும் பழக்கம் போய்விட்டது. போதாததற்கு நிறைய சின்னக் கார்களில் டெம்பரேச்சர் முள்ளையே எடுத்துவிட்டு, குளிராக இருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு என்று வைத்துவிட்டார்கள். நடுவில் என்ன நடக்கிறது என்று தெரியாது. முள் இருக்கும் கார்களிலும் அது நேர்மையான முள் இல்லை, குறிப்பிட்ட வரம்புக்குள் சூடு ஏறி இறங்கினாலும் நடுவிலேயே நிற்கும்படி வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் ஆட்கள் பயந்துபோய் ஷோரூமுக்கு ஓடி வருகிறார்களாம். இன்னொரு கொடுமை, கூலன்ட் மொத்தமும் கொட்டிப் போய்விட்டால் சென்சார் வெறும் ஆவியில் நின்றுகொண்டு சூட்டைச் சரியாகக் காட்டாமலும் போகலாம்.

சூடு ஏறுகிறது, நிறுத்த உடனே இடமில்லை, பின்னால் லாரி. ஏசியை அணைத்துவிட்டு, ஹீட்டரை முழுசாகத் திருப்பி, அதன் ஃபேனை முழு வேகத்தில் வைக்கலாம். உள்ளே வேகும், குழந்தைகள் அழும். ஆனால் ஹீட்டர் என்பதே கூலன்ட் ஓடும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், ஓரம் கட்டும் வரை கொஞ்சம் சூட்டை இழுத்துக்கொள்ளும். நிறுத்தியதும் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. அந்த மூடி கிட்டத்தட்ட 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது, அதனால்தான் உள்ளே இருப்பது 120 டிகிரி பக்கம் போனாலும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த நொடியில் மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும். அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் ஆறட்டும். கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விடவும் வாய்ப்பு உண்டு. அப்புறம், இந்தப் போர்வெல் தண்ணீர். அவசரத்துக்கு ஊற்றலாம், தப்பில்லை. ஆனால் வருஷக்கணக்கில் அதையே ஊற்றி ஓட்டுபவர்களின் ரேடியேட்டரை வெட்டிப் பார்த்தால் வீட்டு கீசரில் படியும் அதே வெள்ளைப் படிவம்தான் இருக்கும்.

மூன்றாவது, ஆயில் விளக்கு. டாஷ்போர்டில் அலாவுதீன் விளக்கு மாதிரி ஒன்று சிவப்பாக எரியும். அதை ‘ஆயில் குறைகிறது, அடுத்த பங்க்கில் ஊற்றிக்கொள்ளலாம்’ என்று பெட்ரோல் விளக்கு மாதிரி நினைப்பவர்கள் ஏராளம். சிவப்பு விளக்கு காட்டுவது ஆயிலின் அளவை இல்லை, அழுத்தத்தை. கிராங்க், கனெக்டிங் ராட் பேரிங் எதுவும் நேராக ஒன்றையொன்று தொடுவதில்லை. பம்ப் தள்ளும் ஆயில் நடுவில் மைக்ரான் கணக்கில் ஒரு படலமாக நிற்கிறது, கிராங்க் அதன் மேல் மிதந்துகொண்டு சுற்றுகிறது. 3000 ஆர்பிஎம் என்றால் ஒரு நொடிக்கு 50 சுற்று. அந்தப் படலம் போய்விட்டால் இரும்பு இரும்பில் உரசும், கீழே இருந்து ‘டொக் டொக் டொக்’ என்று ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர் மறக்க மாட்டார். இதற்குப் பத்து நிமிடம்கூடத் தேவையில்லை, ஒன்றிரண்டு நிமிடமே அதிகம்.

நம் ஊரில் இது பெரும்பாலும் ஆரம்பிப்பது யாரும் பெயின்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கரில். ராத்திரி, ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான், ‘டங்’ என்று அடியில் ஒரு அடி. இறங்கிப் பார்க்கச் சோம்பல். என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கும் சம்ப்பில் விரிசல் விட்டு ஆயில் சொட்டச் சொட்ட இருபது கிலோமீட்டர் போனதும் விளக்கு எரிகிறது. அடிபட்ட இடத்திலேயே மொபைல் டார்ச்சை அடித்துக் கீழே குனிந்து பார்த்திருந்தால் ரிக்கவரி வண்டிக் காசோடும் ஒரு சம்ப்போடும் முடிந்திருக்கும்.

இவ்வளவும் படித்துவிட்டு, எந்த விளக்கு எரிந்தாலும் நிறுத்திவிட வேண்டும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், நேர் எதிரான ஒன்றும் இருக்கிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி சேர்ந்தது. அது நிறைந்ததும் உள்ளே 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி, பிடித்த கரியைத் தானே எரித்துக்கொள்ளும். அதற்கு வண்டி சீரான வேகத்தில் பதினைந்து, இருபது நிமிடம் ஓட வேண்டும். தினமும் நாலு கிலோமீட்டர் ஆபீஸ், நாலு கிலோமீட்டர் வீடு என்று சிக்னல் சிக்னலாக ஓடும் டீசல் காருக்கு அந்த நேரம் கிடைப்பதே இல்லை. டிபிஎஃப் விளக்கு எரிந்ததும் பயந்து ஓரம்கட்டி அணைப்பவர் நல்லது செய்வதாக நினைத்துக் கெடுதல் செய்கிறார். அப்போது செய்ய வேண்டியது இசிஆரில் மாமல்லபுரம் வரை ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வருவது. பாதியில் பாதியில் அணைத்துக்கொண்டே இருந்தால், சூடேற்றத் தெளித்த டீசல் எரியாமல் ஆயிலில் போய்ச் சேரும், டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறும். ஆயில் ஏறுகிறதே, நல்ல வண்டி என்று சந்தோஷப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

டைமிங் பெல்ட் கதை வேறு ரகம். அங்கே சத்தம், விளக்கு, புகை எதுவும் வராமலே முடிந்துவிடலாம். வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் வைத்திருப்பது இந்த பெல்ட் அல்லது செயின். அறுந்தால் வால்வு திறந்தபடி நிற்கும், பிஸ்டன் வேகமாக மேலே வந்து அதில் மோதும். எச்சரிக்கை இருக்கிறது, ஆனால் அது டாஷ்போர்டில் இல்லை, காரோடு வந்த கையேட்டில் ஒரு கட்டத்துக்குள் கிலோமீட்டராகவும் வருஷமாகவும் இருக்கிறது. ஒரகடத்தில் செய்த ரெனோ டஸ்டர் டீசலின் 1.5 லிட்டர் என்ஜின் பெல்ட்தான். செகண்ட் ஹேண்டில் அதை வாங்குபவர் டயரை உதைத்துப் பார்ப்பதற்கு முன் பெல்ட் மாற்றிய பில்லைக் கேட்க வேண்டும்.

சில கம்பெனிகள் இந்த பெல்ட்டை ஆயிலுக்குள்ளேயே ஓடும்படி வைத்துப் பார்த்தார்கள், சத்தம் குறையும், உராய்வு குறையும் என்று. ஆயிலிலேயே ஊறிய ரப்பர் நாளாக ஆக உதிர்கிறது, உதிர்ந்த தூள் ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கிறது, மறுபடி அதே சிவப்பு விளக்கு. ஐரோப்பாவில் பூஜோ, சிட்ரோன் கார்களின் ப்யூர்டெக் 1.2 பெட்ரோல் என்ஜின்களில் இந்தத் தொல்லை பெரிதாகி, அவற்றின் தாய் நிறுவனமான ஸ்டெல்லாண்டிஸ் 2024-ல் உத்தரவாதத்தை 10 வருடம் அல்லது 1,75,000 கிலோமீட்டர் என்று நீட்ட வேண்டி வந்தது. நமக்குக் கொஞ்சம் நெருக்கமான உதாரணமும் உண்டு. அமெரிக்காவில் ஃபோர்டு விற்ற ஈக்கோஸ்போர்ட் நம் மறைமலைநகரில் செய்து கப்பலேறியது. அதன் 1.0 லிட்டர் என்ஜினில் ஆயில் பம்ப்பை ஓட்டும் பெல்ட்டும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் கோளாறாகி ஆயில் அழுத்தம் போகலாம் என்று, ஃபோகஸ் காரையும் சேர்த்து 1.4 லட்சம் அளவுக்கு 2023 டிசம்பரில் திரும்ப அழைத்தார்கள். அப்போது மறைமலைநகர் ஆலையில் உற்பத்தி நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இங்கேதான் என்னுடைய ‘பத்து நிமிட’க் கணக்கு இடிக்கிறது. ஓட்டியவர் எந்தத் தப்பும் செய்யாமலே போன என்ஜின்கள் உண்டு, அந்த உரிமையாளர்களிடமும் “நீங்க என்ன செஞ்சீங்க?” என்றுதான் கேட்டார்கள். ஹூண்டாய், கியாவின் தீட்டா 2 என்ற 2.0, 2.4 லிட்டர் பெட்ரோல் என்ஜின் அமெரிக்காவில் பெரிய கதை. (நம் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து வரும் சின்னக் கார்களில் இருப்பது வேறு என்ஜின் குடும்பம், பதற வேண்டாம்.) அலபாமா ஆலையில் கிராங்க்கை எந்திரத்தில் கடைந்தபோது வந்த உலோகத் துணுக்குகள் சரியாக நீக்கப்படாமல் ஆயில் துளைகளில் தங்கிவிட்டன. ஆயில் சரியாகப் போகாமல் ராட் பேரிங் தேய்ந்து, ‘டொக் டொக்’ கேட்டு, ஹைவே நடுவில் என்ஜின் இறுகி நின்றது, சில வண்டிகள் தீப்பிடித்தன. 2015-ல் 2011, 2012 மாடல் சொனாட்டா 4.7 லட்சத்தைத் திரும்ப அழைத்தார்கள். 2017-ல் இரண்டு கம்பெனியும் சேர்த்து மேலும் கிட்டத்தட்ட 12 லட்சம்.

நடுவில் நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. என்ஜின் போய் வந்தவர்களிடம் ஆயில் மாற்றிய பில்லைக் காட்டச் சொன்னார்கள், காட்ட முடியாதவர்களில் பலருக்குப் பராமரிப்பு சரியில்லை என்று உத்தரவாதம் மறுக்கப்பட்டதாக வழக்குகள் போயின. உரிமையாளரின் தப்பால் என்ஜின் போவது உலக வழக்கம் என்பதாலேயே, கம்பெனியின் தப்பை அதற்குப் பின்னால் ஒளித்துவைப்பது சுலபமாக இருந்தது. கடைசியில் விஷயத்தை வெளியே கொண்டுவந்தது ஹூண்டாயின் சொந்த என்ஜினியர் கிம் குவாங் ஹோ. 2016-ல் அவர் உள்ளே இருந்த ஆவணங்களோடு அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பிடம் போனார், வேலை போயிற்று. 2020 நவம்பரில் இரண்டு கம்பெனிகளும் மொத்தம் 21 கோடி டாலருக்கு அந்த அமைப்போடு உடன்பாட்டுக்கு வந்தன. அடுத்த வருஷம் கிம்முக்கு 2.4 கோடி டாலருக்கு மேல் வெகுமதி கிடைத்தது. இதற்கெல்லாம் பிறகு 2024 மே மாதம் டொயோட்டாவே, எதற்கும் அசையாத என்ஜின் என்று நாம் சத்தியம் செய்யும் டொயோட்டாவே, அமெரிக்காவில் ஒரு லட்சம் சொச்சம் டன்ட்ரா, லெக்ஸஸ் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. காரணம், என்ஜினுக்குள் தங்கிய கடைசல் துணுக்குகள்.

ஆக, பில். எனக்கு இது ரொம்பக் காலம் புரியவில்லை. வெளியே தெரிந்த மெக்கானிக்கிடம் ஆயில் மாற்றினால் காசு மிச்சம், வேலையும் நிறைய நேரம் ஷோரூமைவிடச் சுத்தம், அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் அந்த அண்ணன் ஒரு துண்டுச் சீட்டில் ‘ஆயில் 3.5 லி, ஃபில்டர் 1’ என்று எழுதித் தேதி, கிலோமீட்டர் போட்டுக் கொடுப்பதை வாங்கி வையுங்கள், ஆயில் வாங்கிய கடை ரசீதையும் சேர்த்து. 10,000 கிலோமீட்டர் அல்லது 1 வருடம் என்று கையேட்டில் இருந்தால், எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. வருஷத்துக்கு 4,000 ஓடும் வண்டிக்கும் வருஷம் வருஷம்தான். கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் போகும் வண்டியில் என்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள்ளேயே அணைத்துவிடுகிறோம், ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாவதே இல்லை, ஓடாத வண்டியின் ஆயில் சில சமயம் ஓடுகிற வண்டியைவிட மோசமாக இருக்கும்.

என் விஷயத்தில் சர்வேயரிடம் மூன்று தடவை என்று உண்மையைச் சொன்னேன். சீட், தரை விரிப்பு, வயரிங், ஏசி பகுதி வந்தது. என்ஜின் பகுதி வரவில்லை. ஷோரூம் எஸ்டிமேட் அந்தக் காரின் அன்றைய விலையில் பாதியைத் தாண்டியது, வெளிப் பட்டறையில் ஒரு ராட், பிஸ்டன், பேரிங் செட், கேஸ்கட் செட் போட்டு அதில் மூன்றில் ஒரு பங்குக்கு முடிந்தது. வண்டி இன்னும் ஓடுகிறது, குளிர்ந்த காலையில் முதல் அரை நிமிடம் லேசாக ஒரு சத்தம் வரும், மெக்கானிக் “அது ஒண்ணும் பண்ணாது சார்” என்கிறார், நான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்த அன்று ராத்திரி, மழை சரியாக ஆரம்பிப்பதற்கு முன்பே வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரம் கார்களாக நின்றன. ஃபைன் போடுகிறார்கள் என்று செய்தி பரவி, அப்படி எதுவும் இல்லை என்று போலீஸே மறுத்தது. நானும் என் காரை அங்கேதான் விட்டேன். எனக்கு முன்னால் நின்ற கார்க்காரர், அறுபது வயது இருக்கும், குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு பானெட்டைத் திறந்து 10-ம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரி டெர்மினலைக் கழற்றிக்கொண்டிருந்தார். “மேம்பாலத்துல எங்க சார் தண்ணி வரப்போகுது?” என்றேன். “தண்ணிக்கு இல்ல தம்பி, பையன் வீட்ல இருக்கான், சாவி அவன்கிட்டயும் ஒண்ணு இருக்கு” என்றார்.